ஒரு மடத்துத் துறவியை அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் கொண்டாடுவது ஏன்?

புனித கொலம்பாவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 521 வாக்கில் அயர்லாந்தின் டொனகால் பகுதியில், அரச குடும்பத்தில் பிறந்தவர். 563-இல் கடல் கடந்து, ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அயோனா என்ற சிறு தீவில் மடம் அமைத்தார். அன்று ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பிக்ட் மக்களிடையே கிறிஸ்தவம் பரவ அந்த மடம் பெருந்துணையாக இருந்தது.

அவருடைய வரலாற்றை எழுதியவர், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மடத்தின் தலைவராக இருந்த அடம்னான். அற்புதங்கள் நிறைந்த நூல்தான். ஆனாலும் கடைசி நாளைச் சொல்லும் பகுதி மனத்தை உருக்கிவிடும். பால் சுமக்கும் மடத்துக் குதிரை, முதியவரின் மார்பில் தலைசாய்த்துக் கண்ணீர் விடுகிறது. பிறகு அவர் குடிலில் அமர்ந்து விவிலியத்தின் திருப்பாடல்களைப் படியெடுக்கிறார். ஆண்டவரைத் தேடுவோருக்கு எந்த நன்மையும் குறையாது என்ற வரியோடு நிறுத்தி, மீதியைத் தம் சீடர் பைத்தீன் எழுதட்டும் என்கிறார். அன்றிரவே கோவிலில் உயிர் பிரிகிறது. அது 597, ஜூன் 9. அந்நாளே அவரது திருநாள்.

வடக்கிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங் கொள்ளையர்கள் அயோனாவைத் தொடர்ந்து சூறையாடியதால், 849-இல் அவருடைய திருப்பண்டங்கள் (புனிதரின் நினைவாகப் போற்றப்படும் எச்சங்கள்) இரு நாடுகளுக்கும் பிரிக்கப்பட்டன. அவர் கைப்பட எழுதியதாக மரபு சொல்லும் திருப்பாடல் ஏட்டை டொனகாலை ஆண்ட ஓ'டொனல் குலத்தார் போர்க்களத்துக்கே எடுத்துச் சென்றார்கள். அதை ஏந்திப் படையைச் சுற்றி மூன்று முறை வலம்வந்தால் வெற்றி என்பது நம்பிக்கை. அந்த ஏடு இன்று டப்ளினில், ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கிறது.