பிக்கப் வண்டிக்குப் பின்பக்க ஸ்பிரிங் பட்டா மாற்றிய பிறகு பின்பக்கம் தூக்கி நிற்கிறது, ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கிறது. என்ன காரணம்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. இதே கோளாறோடு நான் நாற்பது நாள் வண்டி ஓட்டியிருக்கிறேன். உங்களிடமும் பிட்டர், "லோடு ஏத்துங்கண்ணா, தானா உக்காந்துரும்" என்றுதான் சொல்லியிருப்பார். புதுப் பட்டா கொஞ்சம் உட்காரும், அதாவது லோடில் அமுங்கித் தாழும் என்பது உண்மைதான். இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் மூன்று இஞ்ச் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் வண்டியை எத்தனை லோடு ஏற்றினாலும் சரி செய்ய முடியாது.

நான் படித்த மெக்கானிக் இல்லை. பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு அடிக்கிறேன், பதினோரு வருடமாக. விஷயம் தெரிந்தவர்கள் நான் எழுதியதில் தவறு இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் "ஓவர்லோடு ஏத்தியிருப்ப" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பட்டா உடைந்த அன்று வண்டியில் இருந்தது 52 கிரேடு, அதாவது தக்காளிப் பெட்டி. கிரேடோடு சேர்த்து ஒன்றுக்கு 27 கிலோ வைத்தாலும் 1,404 கிலோ. என் ஆர்.சி.யில் உள்ள எடைக்குள்தான். எடைச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பக்கமும் வளைந்த இரும்புப் பட்டாக்களை அடுக்கிக் கட்டியது ஒரு செட். அதில் இரண்டு முனையும் வண்டியோடு சேரும் நீளமான பட்டாதான் மெயின் பட்டா. அது உடைந்ததற்குக் காரணம் ஒரு வேகத்தடை. ராயக்கோட்டையிலிருந்து பாலக்கோடு வரும் வழியில், விடியற்காலை நாலு மணி. முந்தின வாரம் அந்த இடத்தில் எதுவும் கிடையாது. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை, சுவர் மாதிரி செங்குத்தாகத் தாரைக் கொட்டி வைத்திருந்தார்கள். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு கொடுத்திருக்கிறது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். அந்த அளவில் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும். நம் ஊர்களில் இருப்பது முக்கால் மீட்டர் அகலம்கூட இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் வேகத்தடை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், என் பிள்ளைகளும் அந்த ரோட்டில்தான் நடக்கிறார்கள். ஒரு டப்பா பெயிண்ட் அடிக்கச் சொல்லி மனு கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அதே இடத்தில் பைக்கில் வந்த ஒரு பையன் விழுந்து பல் போனது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஒரு பக்கம்தான் உடைந்தது என்றாலும், பழசும் புதுசும் சேராது என்று இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன். அது சரியான முடிவு. ஆனால் கழற்றுவதற்கு முன் பழைய உயரத்தை அளந்து வைக்கவில்லை. அதனால்தான் அடுத்த நாற்பது நாளும் ஆளுக்கொன்று சொன்னதை நம்ப வேண்டியதாயிற்று. முதல் பட்டறையில் "உக்காரும்" என்றார்கள். இரண்டாவது பட்டறையில் கடைசிப் பட்டாவை உருவிவிட்டார்கள். வண்டி இறங்கியது, பார்க்க நன்றாகவும் இருந்தது. அடுத்த லோடிலேயே ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) மேலே போய் ஸ்டாப்பர் ரப்பரில் (அது சேஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடித்தது. உயரத்தைக் குறைக்கிறேன் என்று பட்டாவை உருவினால் தாங்கும் சக்தியும் சேர்ந்தே போகும், அடுத்து உடைவது மறுபடியும் மெயின் பட்டாதான். திருப்பிப் போட்டுவிட்டேன்.

உண்மையில் பயந்தது தொப்பூர் இறக்கத்தில். லோடோடு சேலம் போய்க்கொண்டிருந்தேன், தூறல். இரட்டைப் பாலம் வருவதற்கு முன் பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் மட்டும் குத்திக்கொண்டு போகிறது, பின்பக்கம் பிடிக்கவே இல்லை. முன்னால் போன லாரிக்குப் பத்தடி பின்னால் வந்துதான் வண்டி நின்றது. அப்போது எனக்குக் காரணம் தெரியாது. பல பிக்கப்களில் பின்பக்க சேஸில் (வண்டியின் அடிச்சட்டம்) ஒரு லோடு சென்சிங் வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகும். வண்டி தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் காலி வண்டி என்று குறைக்கும். பட்டா தூக்கி நின்றால் லோடு வண்டியையும் அது காலி வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பின்பக்கம் தூக்கி நிற்பதைப் பார்வைக்கு அசிங்கம் என்ற அளவில் விட்டுவிடாதீர்கள். சரியாகும் வரை இறக்கத்தில் லோடோடு போக வேண்டாம்.

கடைசியில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "முதல்ல டேப் கொண்டாங்க தம்பி" என்றார். சிமெண்ட் தரையில் காலி வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, ஆக்ஸில் குழாயின் மேல்பாகத்திலிருந்து சேஸின் அடி வரை அளந்தார். இடது 25, வலது 22.5 சென்டிமீட்டர். என் சித்தப்பா மகனிடம் இதே மாடல், இதே டயர் வண்டி இருக்கிறது. அதையும் வரவழைத்து அளந்தோம். இரண்டு பக்கமும் 17.5க்குச் சற்று முன்பின். மட்கார்டிலிருந்து அளக்காதீர்கள், பாடி வளைந்திருந்தால் அளவு ஏமாற்றும்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி: "ஷேக்கிள் போல்ட்டை எப்ப டைட் பண்ணாங்க? ஜாக்கியில தொங்கும்போதா, தரையில நிக்கும்போதா?" ஷேக்கிள் என்பது பட்டாவின் ஒரு முனையைச் சேஸோடு சேர்க்கும், முன்னும் பின்னும் ஆடும் இணைப்பு. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன், தொங்கும்போதுதான். ரப்பர் புஷ் (பட்டா முனையின் வளையத்துக்குள் போல்ட்டைச் சுற்றி இருக்கும் உறை) உள்ள வண்டியில் போல்ட்டை இறுக்கியதும் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். சுற்றியுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் அசைய வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகி, வண்டியை உட்கார விடாமல் மேலே தள்ளும். சீக்கிரம் கிழிந்தும் போகும். பெரியவர் முன் கண் (பட்டாவின் முன்முனை வளையம்), ஷேக்கிள் எல்லா போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை நாலு முறை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி, தரையில் நிற்கும்போதே இறுக்கினார். இடது 23, வலது 21. (கிரீஸ் நிப்பிள் வைத்த பித்தளை புஷ் என்றால் இந்த முறுக்கு கிடையாது. அங்கே புஷ்ஷுக்குள் போகும் பின் (pin) இறுகிப் பிடித்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.)

இன்னும் 2 சென்டிமீட்டர் சாய்வு பாக்கி. இடது பட்டாவை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டார். உயரம் பட்டாவோடு சேர்ந்து வலது பக்கம் போய்விட்டது. கோளாறு அந்தச் செட்டில்தான் என்று அதிலேயே தெரிந்தது. உயரம் இடதிலேயே நின்றிருந்தால் சேஸையோ முன்பக்கத்தையோ சந்தேகப்பட வேண்டும். அதற்கும் வழி சொன்னார். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் கிராஸ் மெம்பரின் (சேஸின் குறுக்குச் சட்டம்) நடுவில் ஜாக்கி கொடுத்து முன் சக்கரங்களைத் தரையிலிருந்து எழுப்ப வேண்டும். பின்பக்க அளவு அப்போது சமமாகிவிட்டால் குற்றம் முன்பக்கத்தில். இடமும் வலமும் வேறு வேறு பட்டா போட்ட மாடல்களும் உண்டு, அவற்றில் மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள், பார்ட் நம்பரைப் பாருங்கள்.

அந்தச் செட்டைப் பிரித்து வெர்னியரில் (கனம் அளக்கும் கருவி) அளந்தபோது இரண்டாவது, மூன்றாவது பட்டா 8 மில்லிமீட்டர். மற்ற செட்டில் எல்லாம் 7. வளைவும் கூடுதல். கடையில் பொருத்தமான செட் இல்லாமல் இருந்ததைக் கோத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். பட்டாவின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7 மும்மடி 343, 8 மும்மடி 512. அந்த இரண்டில் ஒவ்வொரு பட்டாவும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. சரியான பட்டா இரண்டு போட்டதும் 20.5, 20.8. ஒரு மாதம் லோடு ஓடிய பிறகு இரண்டும் 19. வால்வுக் கம்பியையும் அன்றே செட் செய்தோம், பிரேக் பழையபடி பிடிக்கிறது.

பிரித்ததும் பிரித்தோம், பட்டாக்களை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் சீட்டின் ஓட்டையில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள், நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள், 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை டைட் பாருங்கள். எனக்கு அப்போதும் கால் சுற்று ஏறியது.

உங்கள் வண்டி எந்த மாடல், ரப்பர் புஷ்ஷா பித்தளையா, காலி வண்டியில் இரண்டு பக்க அளவும் எவ்வளவு என்று எழுதுங்கள். மாற்றிய பிறகு பட்டா எண்ணிக்கை கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.