பச்சையாக வாங்கினோம், சாம்பலாகிவிட்டது!

மிச்சிகனில் வசிக்கிறோம். மகளுக்காகச் சாம்பல் மரத்தவளை ஒன்று வாங்கினோம். கடையில் இலைப்பச்சையாக இருந்தது, மறுநாள் காலை பார்த்தால் கருஞ்சாம்பல். நோயா?

நோய் இல்லை. இந்த இனம் பச்சை, பழுப்பு, சாம்பல், கிட்டத்தட்ட வெள்ளை என்று மாறிக்கொண்டே இருக்கும். தோலின் அடியடுக்கில் உள்ள செல்களில் கருமைத் துகள்கள் இருக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் தூண்டும்போது அவை செல் முழுக்கப் பரவி உடல் கறுக்கும். நடுவே குவிந்துவிட்டால் வெளுக்கும். குளிரும் ஈரமும் கூடினால் கறுப்பது வழக்கம், வெப்பமும் வெளிச்சமும் கூடினால் வெளிறுவது வழக்கம். பயண அலைச்சலும் கறுக்க வைக்கும். முதல் ஒரு வாரம் கையில் எடுக்காமல் விடுங்கள். மகளுக்கு வேடிக்கை காட்டுவதற்காகக் குளிரவைத்து நிறம் மாற்றிப் பார்க்கவே கூடாது.

தொடையின் உட்புறத்து ஆரஞ்சு மஞ்சளும் கண்ணுக்குக் கீழே இருக்கும் வெளிர் திட்டும் எந்த நிறத்திலும் அடையாளம் காட்டும். பகலில் கால்களை மடக்கி மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டால் பாசி படிந்த மாதிரியே தெரியும். அந்தத் திட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல நாள் கறுத்தே இருந்து, சாப்பிடாமல், இரவிலும் தரையிலேயே குந்தியிருந்தால் கவனியுங்கள். அடிவயிறும் தொடையும் சிவந்திருந்தால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். அன்றே ஊர்வன, தவளைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பழைய மீன் தொட்டி, 10 கேலன். அதுவே போதுமா?

போதாது. இது ஏறி வாழும் உயிர். அகலத்தைவிட உயரம் முக்கியம். 45 × 45 செ.மீ. அடிப்பரப்பும் 60 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியில் இரண்டு தவளைகள் நிம்மதியாக இருக்கும். வலை மூடி அவசியம், இல்லாவிட்டால் ஒரே இரவில் ஓடிவிடும். அடியில் 5 முதல் 7 செ.மீ. தேங்காய் நார்த்தூள், சாய்த்து வைத்த கார்க் பட்டைகள், ஒரு மணி பிளான்ட். சரளைக்கல் வேண்டாம், பூச்சியோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைபடும்.

பகலில் 21 முதல் 26 டிகிரி செல்சியஸ், இரவில் 18 வரை இறங்கலாம். மாலையில் ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள், காலைக்குள் உலர்ந்துவிட வேண்டும். எந்நேரமும் சொதசொதவென்று வைப்பவர்கள்தான் தோல் தொற்றை வரவழைக்கிறார்கள்.

தண்ணீர்தான் பலர் தவறவிடும் இடம். தவளை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. குழாய்த் தண்ணீரைத் திறந்து வைத்தால் குளோரின் ஆவியாகிவிடும், ஆனால் பல நகரங்கள் சேர்க்கும் குளோரமைன் என்ற கிருமிநீக்கி போகாது. மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை, குளோரமைனையும் நீக்கும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கி, பாட்டிலில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். கிண்ணத்தைத் தினமும் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், அதில் தவளைக்குத் தேவையான உப்புகள் இல்லை.

கிரிக்கெட் பூச்சி மட்டும் போட்டால் போதுமா?

வளர்ந்த தவளைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரவில், 3 முதல் 5 பூச்சிகள். அதன் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. முந்தின நாள் பூச்சிக்குக் கேரட், கீரை கொடுங்கள். போடும் முன் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியில் புரட்டுங்கள், வாரம் ஒருமுறை வைட்டமின் பொடியிலும். வெறும் பூச்சியில் கால்சியம் குறைவு. அப்படியே போட்டு வந்தால் சில மாதங்களில் தாடை மெத்தென்று வளையும், விரல்கள் துடிக்கும். வளைந்த எலும்பு பெரும்பாலும் நேராவதில்லை. மிஞ்சிய பூச்சிகளைக் காலையில் எடுத்துவிடுங்கள், அவை தூங்கும் தவளையின் தோலைக் கடிக்கும்.

உறைபனியில் உறைந்தும் பிழைக்குமாமே? குளிர்காலத்தில் தோட்டத்தில் விடலாமா?

காட்டில் வாழ்வது பிழைக்கும், உண்மை. செல்களை உறைபனியிலிருந்து காக்கும் கிளிசராலை உடலில் சேர்த்துக்கொண்டு, சருகுக்கடியில் பாதி உறைந்தே கிடந்து, வசந்தத்தில் எழும். இலையுதிர் காலம் முழுக்கக் குளிர் மெல்ல மெல்ல ஏறினால்தான் அந்தத் தயாரிப்பு நடக்கும். உங்கள் வரவேற்பறைத் தவளை நேரே பனிக்குப் போனால் செத்துவிடும். செத்தாலும் பிழைத்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு: தொட்டியில் தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை இருந்தால், அது தோட்டத்துத் தவளைகளுக்குத் தொற்றலாம். வளர்க்க முடியாமல் போனால் வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள், வெளியே விடாதீர்கள்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: இதன் தோல் கசிவு கண்ணிலோ உதட்டிலோ பட்டால் நன்றாக எரியும். தொட்டியில் கைவைக்கும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். முன்னே கழுவுவது தவளைக்காக, சோப்பு மிச்சமில்லாமல்.