ஹைவ் சமூக டோக்கன்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹைவ் சமூக வலைத்தளத்தில் பதிவு போடுபவர்கள், ஓட்டுப் போடுபவர்கள், சின்னச் சின்ன வேலைக்கு டோக்கனில் கூலி வாங்குபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ரமணி: என் ஹைவ் வாலட்டில் ஹைவும் எச்பிடியும் தெரிகின்றன. நண்பர் அனுப்பிய லியோ மட்டும் தெரியவில்லை. எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை, நீங்கள் பார்க்கும் வாலட்தான் வேறு. ஹைவின் முதன்மைச் செயினில் (எல்லோருடைய வரவு செலவும் பதிவாகும் பொதுக் கணக்கேடு) இருப்பவை ஹைவ், எச்பிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் நாணயம்), பிறகு ஹைவைப் பூட்டிவைத்தால் கிடைக்கும் ஹைவ் பவர், அவ்வளவுதான். லியோ, பிஸ்ஸா, பியர் மாதிரி சமூகங்கள் வெளியிட்ட டோக்கன்கள் ஹைவ்-எஞ்சின் என்ற இரண்டாம் அடுக்கில் பிறந்தவை.

அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நீங்கள் டோக்கன் அனுப்பும்போது ஹைவ் செயினில் ஒரு கஸ்டம் ஜேசன் குறிப்பு எழுதப்படுகிறது: "இன்ன டோக்கனில் இவ்வளவை இன்னாருக்குக் கொடு". ஹைவுக்கு அந்தக் குறிப்பின் பொருள் தெரியாது, தபால்காரர் மாதிரி வாங்கி வைத்துக்கொள்ளும். ஹைவ்-எஞ்சினின் நோடுகள்தான் (அதை ஓட்டும் கணினிகள்) அதைப் படித்துத் தங்கள் கணக்கேட்டில் வரவு செலவு எழுதுகின்றன. அதனால் கீசெயினில் (சாவிகளை வைத்துக் கையெழுத்திடும் வாலட் செயலி) டோக்கன்கள் பகுதியைத் திறந்து பாருங்கள், இருக்கும்.

ஹைவ் பிரிந்து வந்த தாய்ச் செயினான பழைய ஸ்டீமில் இதை முதன்மைச் செயினுக்குள்ளேயே செய்வதாக 2017-இல் ஸ்மார்ட் மீடியா டோக்கன் திட்டம் அறிவித்தார்கள். அது நடைமுறைக்கு வரவேயில்லை. 2019-இல் ஸ்டீம்-எஞ்சின் என்ற இரண்டாம் அடுக்கு அந்த இடத்தைப் பிடித்தது. 2020 மார்ச் 20 அன்று ஹைவ் தனியாகப் பிரிந்தபோது அதே அமைப்பு ஹைவ்-எஞ்சினாக இங்கே வந்தது.

கார்த்தி: அக்கா, 5 டோக்கன் அனுப்பினேன். பிளாக் எக்ஸ்ப்ளோரரில் டிரான்சாக்‌ஷன் ஐடியோட இருக்கு. அவரு வரலைன்னு சத்தியம் பண்றாரு. யாரு பொய் சொல்றது?

யாருமே பொய் சொல்லவில்லை தம்பி. மேலே சொன்ன தபால்காரர் கதைதான். குறிப்பு ஹைவில் ஏறிவிட்டது, ஆனால் இரண்டாம் அடுக்கு அதை நிராகரித்திருக்கிறது. முதன்மைச் செயினில் வெற்றி என்று தெரிந்தாலே பணம் போய்ச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஐடியை ஹைவ்-எஞ்சினுக்கான எக்ஸ்ப்ளோரரில் (பதிவுகளைத் தேடிப் பார்க்கும் தளம்) போட்டுப் பாருங்கள். லாக் பகுதியில் பிழை என்று ஒரு வரி இருந்தால் டோக்கன் உங்கள் கணக்கை விட்டே நகரவில்லை. இழப்பு ஏதுமில்லை, திருத்தி மறுபடி அனுப்பலாம்.

அடிக்கடி வரும் பிழைகள் சில உண்டு. போஸ்டிங் கீயால் (பதிவுக்கும் ஓட்டுக்குமான சாவி) கையெழுத்திட்டிருப்பீர்கள். டோக்கன் மாற்ற, பணத்துக்கான சாவியான ஆக்டிவ் கீதான் வேண்டும். அல்லது தசம இடங்கள் கூடிப்போயிருக்கும்: டோக்கனின் தசம அளவு 3 என்றால் 5.0005 போகாது, 5.000 போகும். இருப்பு போதாமல் போவதும் உண்டு. ஸ்டேக் செய்ததையும் (பூட்டிவைத்ததையும்) விற்பனைக்குப் போட்டு வைத்ததையும் சேர்த்து எண்ணிவிட்டு, லிக்விட் (உடனே அனுப்பக்கூடியது) எவ்வளவு என்று பார்க்காமல் அனுப்புவதால் இது வரும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் தொகையை எண்ணாகக் கொடுத்துவிடுவார்கள். அது மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் சத்தமில்லாமல் தள்ளுபடி.

இழப்பு வருவது இன்னொரு இடத்தில். பெறுபவர் பெயர் விதிப்படி சரியான வடிவில் இருக்கிறதா என்றுதான் இரண்டாம் அடுக்கு பார்க்கும், அப்படி ஒரு கணக்கு உண்மையிலேயே உண்டா என்று பார்க்காது. ஓர் எழுத்து மாறினால் ஆளில்லாத பெயருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரிய தொகை என்றால் முதலில் ஒரு சில்லறை அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

நிலா: லோகோ வரைந்து தருகிறேன். வாடிக்கையாளர்கள் சமூக டோக்கனில் தரட்டுமா என்று கேட்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், விலையை டோக்கனில் சொல்லாதீர்கள். எச்பிடியில் சொல்லுங்கள். 1 எச்பிடி சுமார் 1 டாலர் மதிப்பில் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. செயினே அதை ஒரு டாலர் மதிப்புள்ள ஹைவாக மூன்றரை நாளில் மாற்றித் தரும். வெனிசுவேலாவின் சுக்ரே மாநிலத்தில் எச்பிடி வாங்கும் கடைகள் இருப்பதற்குக் காரணமும் இந்த நிலைத்தன்மைதான். "லோகோ 15 எச்பிடி. டோக்கனில் தருவதானால் பணம் அனுப்பும் நேரத்து வாங்குவோர் விலையில் கணக்கு" என்று எழுதி வையுங்கள். கடைசியாக விற்ற விலை வேண்டாம், வாங்குவோர் விலை. ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுத்து அதை மெமோவில் (பணத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு) எழுதச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஃபைலை அனுப்பாதீர்கள். உங்கள் சொந்த டோக்கன் வரலாற்றில் அனுப்பியவர் பெயர், தொகை, மெமோ மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஹைவில் 3 விநாடிக்கு ஒரு பிளாக், இரண்டாம் அடுக்கு படித்து முடிக்க இன்னும் சில விநாடி. ஒரு நிமிடம் பொறுத்தால் போதும்.

சிவா: வாலட்டில் 10,000 டோக்கன், மதிப்பு 20 ஹைவ்னு காட்டுது. விக்கப் போனா 7 ஹைவ் கூட வரல. ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை, பெருக்கல். கடைசியாக யாரோ ஒரு டோக்கனை 0.002 ஹைவுக்கு வாங்கியிருப்பார்கள். வாலட் அதை உங்கள் 10,000-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஆர்டர் புக்கில் (வாங்கவும் விற்கவும் போட்ட விலைகளின் பட்டியல்) வாங்குவோர் பக்கம் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் பாருங்கள்: 1,500 டோக்கன் 0.0018-க்கு, அடுத்து 2,000 டோக்கன் 0.0012-க்கு, அடுத்து 3,000 டோக்கன் 0.0005-க்கு, அதன் கீழே 0.0001. நீங்கள் மொத்தத்தையும் ஒரே அடியாகத் தள்ளினால் 2.7, 2.4, 1.5, மீதி 3,500-க்கு 0.35, ஆக 6.95 ஹைவ். உங்கள் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

அவசரமில்லை என்றால் நீங்களே ஒரு விலை போட்டு விற்பனை ஆர்டர் வையுங்கள். வைத்ததும் அந்த டோக்கன்கள் லிக்விட் இருப்பிலிருந்து மறையும், பயப்படாதீர்கள். ஆர்டரை ரத்து செய்தாலோ காலம் முடிந்தாலோ திரும்ப வரும்.

அருள்: எங்கள் வாசிப்புக் குழுவுக்கு ஒரு டோக்கன் வெளியிட வேண்டும். செலவு, படிகள், எதில் சறுக்குவோம்?

உருவாக்க 100 பீ வேண்டும். பீ என்பது ஹைவ்-எஞ்சினின் சொந்த டோக்கன். ஹைவை ஸ்வாப்.ஹைவாக (ஹைவுக்குப் பதில் இரண்டாம் அடுக்கில் தரும் ரசீது டோக்கன்) மாற்றி, அதைக் கொண்டு சந்தையில் பீ வாங்க வேண்டும். ஸ்டேக் வசதி வேண்டுமானால் மேலும் 1,000 பீ, டெலிகேஷன் (ஸ்டேக்கை இன்னொருவருக்குக் கடன் தருவது) வேண்டுமானால் இன்னொரு 1,000 பீ. அதனால் முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கிப் போடாதீர்கள். 100 பீயில் டோக்கனை மட்டும் எடுத்து, பதிவுக்கு நன்றி சொல்லக் கையால் அனுப்பிப் பழகுங்கள். இரண்டு மாதம் கழித்தும் யாராவது அதைக் கேட்டு வாங்கினால் அடுத்த 1,000 பற்றி யோசிக்கலாம்.

உருவாக்கும்போது குறியீடு (10 எழுத்துக்குள், பெரிய எழுத்தில்), பெயர், தசம அளவு (0 முதல் 8 வரை), உச்ச வரம்பு நான்கும் கேட்கும். தசம அளவைப் பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. 3 போதும். ஸ்டேக்கை இயக்கும்போது திரும்ப எடுக்க எத்தனை நாள், எத்தனை தவணை என்று கேட்கும். 28 நாள், 4 தவணை என்று கொடுத்தால் வாரத்துக்குக் கால் பங்கு வெளியே வரும். அதை யோசித்துக் கொடுங்கள், பின்னால் மாற்ற வழியில்லை.

சறுக்குவது பெரும்பாலும் வெளியீட்டு வேகத்தில். பதிவுகளுக்குத் தானாகப் பரிசு பிரிக்கும் பூல் அமைக்கும்போது "எத்தனை விநாடிக்கு எவ்வளவு" என்று கேட்கும். 3 விநாடிக்கு 1 டோக்கன் என்பது பார்க்கச் சின்னதாக இருக்கும். கணக்குப் போடுங்கள்: நாளுக்கு 28,800, வருடத்துக்கு 1,05,12,000. முப்பது பேர் உள்ள வாசிப்புக் குழு இவ்வளவையும் என்ன செய்யும்? விற்கத்தான் செய்யும், வாங்க ஆள் இருக்காது. முந்தைய கேள்வியில் சிவாவின் ஆர்டர் புக் அப்படி ஆனதும் இதனால்தான். பரிசில் பாதியை ஸ்டேக்காகவே கொடுக்கும்படி அமைத்தால் அழுத்தம் கொஞ்சம் தள்ளிப்போகும், தீராது.

அதைவிட முக்கியம், டோக்கனைச் செலவழிக்க ஓர் இடம். மாதம் ஒரு புத்தகத்தை டோக்கனுக்கு மட்டும் ஏலம் விடுங்கள், வந்த டோக்கனை "நல்" (null) கணக்குக்கு அனுப்பி அழித்துவிடுங்கள். "நல்" என்ற அந்தக் கணக்குக்குச் சாவி யாரிடமும் இல்லை. வாங்கிக்கொள்ள ஒரு கடையாவது இல்லாத டோக்கன் வெறும் மதிப்பெண் பட்டியல். குழுவுக்கு அதுவே போதும் என்றால் அதுவும் தப்பில்லை, ஆனால் விலை ஏறும் என்று உறுப்பினர்களிடம் சொல்லாதீர்கள்.

வெளியிடும் கணக்கு உங்கள் சொந்தக் கணக்காக இருக்க வேண்டாம். குழுவுக்கெனத் தனிக் கணக்கு எடுத்து, அதன் ஆக்டிவ் அனுமதியை மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் செல்லும்படி அமையுங்கள்.

மும்தாஜ்: ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அனுப்பியதும் "போதிய ஆர்சி இல்லை" என்கிறது. கட்டணமே கிடையாது என்றார்களே?

காசாகக் கட்டணம் இல்லை. அதற்குப் பதில் ஆர்சி என்ற வளம் செலவாகும், உங்கள் ஹைவ் பவருக்கு ஏற்ற அளவில்தான் அது இருக்கும். காலியானால் 5 நாளில் முழுதாக நிரம்பும். புதுக் கணக்கு என்றால் கொஞ்சம் ஹைவைப் பவர் அப் செய்யுங்கள் (ஹைவ் பவராகப் பூட்டுங்கள்), அல்லது தெரிந்தவரிடம் ஆர்சி டெலிகேஷன் கேளுங்கள். 2022 முதல் ஹைவ் பவரைத் தராமல் ஆர்சியை மட்டும் கடன் தர முடிகிறது.

பிரபு: ஸ்வாப்.ஹைவை நேரா எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிட்டேன், கிரெடிட் ஆகல.

ஸ்வாப்.ஹைவ் ஹைவ் அல்ல. ஹைவை அடகு வைத்ததற்குக் கொடுத்த ரசீது. எக்ஸ்சேஞ்ச் முதன்மைச் செயினை மட்டும் பார்க்கும், ரசீது அதன் கண்ணில் படாது. டோக்கன் இப்போது எக்ஸ்சேஞ்சின் ஹைவ் கணக்குப் பெயரில் இரண்டாம் அடுக்கில் கிடக்கிறது. அவர்களின் ஆக்டிவ் கீ இல்லாமல் எடுக்க முடியாது. டிரான்சாக்‌ஷன் ஐடியோடு உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். திருப்பித் தருவதும் தராததும் அவர்கள் விருப்பம்.

அடுத்த முறை முதலில் ஹைவ்-எஞ்சினில் வித்ட்ரா கொடுத்து ஹைவாக மாற்றுங்கள். பிடித்தம் எவ்வளவு என்று திரையில் காட்டும். ஹைவ் உங்கள் கணக்குக்கு வந்த பிறகு எக்ஸ்சேஞ்ச் கொடுத்த மெமோவோடு அனுப்புங்கள். ரசீது என்றதால் இன்னொன்றும்: அந்த ஹைவ் ஒருவர் பொறுப்பில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஸ்வாப்.ஹைவ் ஓடுகிறது. மாதக்கணக்கில் அதிலேயே சேமிக்க வேண்டாம்.

தேன்மொழி: மாஸ்டடான், நாஸ்டர் மாதிரி மற்ற சமூக வலைகளிலும் இப்படி டோக்கன் உண்டா?

மாஸ்டடான் ஓடும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் பணப்பையே கிடையாது. நாஸ்டரில் ஜாப் (zap, பதிவுக்குத் தரும் அன்பளிப்பு) உண்டு, அது பிட்காயினின் லைட்னிங் வலையமைப்பு வழியே போகும் சடோஷி, அதாவது பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. சமூகம் வெளியிட்ட நாணயம் அல்ல, அதனால் வெளியீட்டு வேகம் பற்றிய தலைவலியும் இல்லை.

யோகேஷ்: "உங்களுக்கு இலவச டோக்கன், இங்கே கிளெய்ம் செய்யுங்கள்" என்று மெமோவில் லிங்க் வருகிறது.

தொடாதீர்கள். இலவச டோக்கன் கொடுப்பவருக்கு உங்கள் கணக்குப் பெயர் மட்டும் போதும், நீங்கள் எதையும் கிளெய்ம் செய்யத் தேவையில்லை. ஆக்டிவ் கீயோ மாஸ்டர் பாஸ்வேர்டோ கேட்கும் பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள். கீசெயின் கையெழுத்துக் கேட்டால் என்ன செயல், யாருக்கு, எவ்வளவு என்று படித்துவிட்டு அழுத்துங்கள்.

கீயைத் தவறுதலாக மெமோவில் ஒட்டி அனுப்புபவர்களும் உண்டு. மெமோ ஊரே படிக்கும் பலகை, அதை மேய்வதற்கென்றே பாட் (bot) நிரல்கள் ஓடுகின்றன. ஒட்டிவிட்டால் அழிக்க முடியாது, அந்த நிமிடமே கீக்களை மாற்றுங்கள். கணக்கின் தலைமைச் சாவியான ஓனர் கீயையே திருடி மாற்றிவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் பழைய ஓனர் கீயை வைத்து, மீட்புக் கணக்கின் (உங்கள் கணக்கை மீட்க முன்பே குறித்து வைத்த கணக்கு) உதவியோடு கணக்கைத் திரும்பப் பெறலாம். கணக்குத்தான் திரும்பும், அதற்குள் வெளியே போன லிக்விட் டோக்கன் திரும்பாது. ஸ்டேக்கில் இருந்ததைத் திருடன் உடனே எடுக்க முடியாது. அன்ஸ்டேக் தொடங்கியிருந்தால் மீட்டதும் முதல் வேலையாக அதை ரத்து செய்யுங்கள்.

வசந்த்: இந்தியாவில் வரி?

மெய்நிகர் டிஜிட்டல் சொத்து விற்ற லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 விழுக்காடு, மேலே செஸ். ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. டோக்கனை டோக்கனாக மாற்றுவதும் கைமாற்றம்தான். 2022 ஜூலை 1 முதல் 1 விழுக்காடு டிடிஎஸ்ஸும் உண்டு. பரிசாகவோ கூலியாகவோ வந்த டோக்கனுக்கு வந்த நாளின் விலையைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். ஆர்டர் புக் மெலிந்த டோக்கனுக்கு ஆறு மாதம் கழித்துப் பழைய விலையைத் தேடுவது பெரும்பாடு, வாரம் ஒரு முறை வரலாற்றை இறக்கி வைத்துவிடுங்கள்.