டிபிஎஃப் லைட் எரியுதுன்னா ஃபில்டரையே காலி பண்ணிடலாமா?

கேள்வி: என் டீசல் வேன் டவுனுக்குள்ளயே ஓடுறது. டிபிஎஃப் (எக்ஸாஸ்ட் புகையில இருக்குற கரியை பிடிக்கிற ஃபில்டர்) லைட் அடிக்கடி எரியுது, பிக்கப்பும் இல்ல. ஃபில்டரை காலி பண்ணி கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணிட்டா மைலேஜ் ஏறும்னு மெக்கானிக் சொல்றார். பயோடீசல் ஊத்தினா புகை தானா குறையும்னு இன்னொருத்தர் சொல்றார். எதை செய்யட்டும்?

பதில்: ரெண்டையும் செய்யாதீங்க.

உங்க ஃபில்டர் அனேகமா கெட்டுப்போகல, கரியை எரிக்க அதுக்கு நேரம் கிடைக்கல, அவ்ளோதான். ஃபில்டர் ஓரளவு நிறைஞ்சதும் இன்ஜினே கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு எக்ஸாஸ்ட்டை 600 டிகிரி கிட்ட சூடாக்கி கரியை எரிச்சிடும், இதைத்தான் ரீஜெனரேஷன், சுருக்கமா ரீஜென்னு சொல்றாங்க. அப்போ ஐட்லிங் லேசா ஏறும், வண்டியை நிறுத்தினப்புறமும் ரேடியேட்டர் ஃபேன் ஓடிட்டே இருக்கும், நீங்க அதை கவனிக்காம சாவியை திருப்பி ஆஃப் பண்ணிடுவீங்க, கரி பாதி எரிஞ்சும் எரியாமலும் நின்னுடும். லைட் மினுக்காம நிலையா எரிஞ்சா, டேங்க்ல போதுமான டீசல் வச்சுக்கிட்டு ஹைவேல ஒரு 20-30 நிமிஷம் நிக்காம, ஆர்பிஎம் 2000க்கு மேல ஓட்டுங்க. ஆனா லைட் மினுக்கினாலோ, டிப்ஸ்டிக்ல ஆயில் மேல் கோட்டை தாண்டியிருந்தாலோ ஓட்டாதீங்க. ஆயில் தானா ஏறாது, எரியாத டீசல் அதுல கலந்திருக்கு.

அப்படி ஓட்டியும் சீக்கிரமே திரும்ப எரிஞ்சா கோளாறு ஃபில்டருக்கு முன்னாடி இருக்கு: இன்ஜெக்டர் ஒழுகுது, டர்போ ஆயில் விடுது, இஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுறது) மாட்டிக்கிச்சு, இல்ல டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்கு. இதை தேட பொறுமை இல்லாதவங்கதான் "கழட்டிடலாம்"னு ஆரம்பிப்பாங்க. ஸ்கேனர்ல கரி எத்தனை கிராம், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் வித்தியாசம் எவ்ளோன்னு கேளுங்க. ரீடிங் காட்டாம ரேட் மட்டும் சொல்றவர்கிட்ட வண்டியை விடாதீங்க.

"கழுவி தரேன்"னு வாங்கிட்டு போறவங்ககிட்ட இன்னும் உஷாரா இருங்க. டப்பாவை அறுத்து உள்ள இருக்குற செராமிக்கை உடைச்சு கொட்டிட்டு திரும்ப வெல்டு வச்சு கொடுக்குறது சர்வ சாதாரணம். திரும்பி வந்ததும் டப்பால புது வெல்டு கோடு இருக்கான்னு பாருங்க. கொஞ்ச நாள் ஓட்டிட்டு சைலென்சர் வாய்க்குள்ள வெள்ளைத் துணியை விட்டு துடைங்க, நல்ல ஃபில்டர்னா துணி கிட்டத்தட்ட சுத்தமா வரும், கருகருன்னு வந்தா உள்ள ஒண்ணுமே இருக்காது, இல்லைன்னா விரிசல் விட்டிருக்கு.

இந்த ஏமாத்து வேலை ஏன் நடக்குதுன்னா, பல இடத்துல வண்டிக்கான புகை டெஸ்ட்ல புகை எவ்ளோ கருப்புன்னு மட்டும்தான் பாக்குறாங்க. இப்போ வர்ற இன்ஜின் ஃபில்டர் இல்லாமலே அதுல பாஸ் ஆயிடும், கண்ணுக்கு தெரியாத நுண்துகளை அந்த மெஷின் எண்ணாது. நெதர்லாந்துல 2023 ஜனவரியிலிருந்து துகளையே எண்ணி பாக்குறாங்க, கருவி இருக்கு, வேலையும் செய்யுது, இன்னும் ஆரம்பிக்காத நாடுகள் எதுக்கு காத்துட்டு இருக்குன்னு எனக்கு புரியல.

அடுத்து சாம்பல். கரி எரியும், இன்ஜின் ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது. அதுக்கு எத்தனை தடவை ரீஜென் பண்ணாலும் காசுதான் வீண், ஃபில்டரை கழட்டி முறையா கிளீன் பண்ணணும். ஆயில் மேனுவல்ல போட்டிருக்குற குறைஞ்ச சாம்பல் கிரேடாவே இருக்கட்டும், எது மலிவோ அதை ஊத்தாதீங்க.

பயோடீசலுக்கு வருவோம். கரி குறையும்ங்கிறது உண்மை, நைட்ரஜன் ஆக்சைடுங்கிற நச்சு வாயு லேசா ஏறலாம். பிரச்சனை வேற இடத்துல. ரீஜென் நேரத்துல கூடுதல் எரிபொருளை பெரும்பாலான வண்டிகள் சிலிண்டருக்குள்ளயே விடுது. பயோடீசல் லேசுல ஆவியாகாது, சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல போய் சேரும், டீசல் மாதிரி அங்கிருந்து திரும்ப ஆவியாகியும் போகாது. இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, இதை காட்டித்தான் நிறைய பேர் குழப்புறாங்க: சில வண்டிகள்ல, முக்கியமா லாரிகள்ல, எக்ஸாஸ்ட் பைப்லயே தனி இன்ஜெக்டர் இருக்கும், ரீஜெனுக்கான எரிபொருள் சிலிண்டர் பக்கமே போகாது, அதனால இந்த வகையில ஆயில் கெடாது. லாரிக்காரர் "நான் வருஷக்கணக்கா ஊத்துறேன், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றது பொய் இல்ல, ஆனா அவர் வண்டி வேற, உங்க வேன் வேற. அந்த இன்ஜெக்டர் இருந்தாலும் மேனுவல் அனுமதிக்கிற அளவுக்கு மேல கலக்கக்கூடாது. வடிகட்டின சமையல் எண்ணெயை பயோடீசல்னு விக்கிறவங்க தனி ரகம், அது பயோடீசலே இல்ல.

உங்க வேன்ல நைட்ரஜன் ஆக்சைடை குறைக்கிற யூரியா டேங்கும் இருந்தா, அதுல 32.5 சதவீத யூரியா கரைசல் மட்டும்தான் போகணும், உர யூரியாவை தண்ணில கரைச்சு ஊத்தினா அழுக்கு சேர்ந்து கேட்டலிஸ்ட் போயிடும். யூரியாவே வேணாம், ஒரு சின்ன பாக்ஸ் மாட்டினா போதும்னு எவனாவது சொன்னா, அது சென்சாருக்கு பொய் சிக்னல் கொடுக்குற பாக்ஸ்.

இப்போதைக்கு டிப்ஸ்டிக்கை பாருங்க, அளவு சரியா இருந்தா ஹைவேல ஓட்டுங்க, திரும்ப எரிஞ்சா ரீடிங் எடுத்து அனுப்புங்க.