வாசகர் கேள்வி-பதில்: ஸ்ட்ரைப்பர் கச்சேரியில் எங்கே நிற்பது?

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸில் மகன் வீட்டுக்குப் போகிறேன். கேசட் காலத்தில் கேட்ட ஸ்ட்ரைப்பர் என்ற கிறிஸ்தவ மெட்டல் ராக் குழு அங்கே ஏதாவது கிளப்பில் வாசித்தால் நேரில் பார்க்க ஆசை. முன்வரிசை கிடைக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நின்றால் முன்வரிசைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இந்தக் குழுவைக் கேட்க முன்வரிசை நல்ல இடமல்ல. ஸ்ட்ரைப்பரின் உயிர் குரல்களில் இருக்கிறது. பாடகர் மைக்கேல் ஸ்வீட் உச்சத்தில் பாட, மற்றவர்கள் சேர்ந்து அடுக்கும் அந்தக் கூட்டுக்குரல்தான் மற்ற மெட்டல் குழுக்களிலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டுவது.

வெஸ்ட் ஹாலிவுட்டில், சன்செட் புலவார்ட் சாலையில் உள்ள விஸ்கி அ கோ கோ கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் திறந்த இந்த கிளப்பில் ஏறக்குறைய 500 பேர்தான் கொள்ளும். ஸ்ட்ரைப்பர் 2013இல் இங்கே வாசித்ததைத்தான் மறு ஆண்டு நேரடி ஆல்பமாக வெளியிட்டார்கள். இத்தனை சின்ன இடத்தில் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் மேடையிலிருந்து நேரே முன்வரிசையின் முகத்தில் அடிக்கும். பாடகரின் குரலோ பக்கவாட்டில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வரும். அவை முன்வரிசைக்காரரின் தலையைத் தாண்டிப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்திருக்கும். அதனால் மேடைக்கு மிக அருகில் நிற்பவருக்குப் பாட்டின் சொற்களே பாதிதான் கேட்கும். சவுண்ட் மிக்சர் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், நடுவில் நில்லுங்கள். ஒலியமைப்பாளர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அவர் கேட்பதே உங்களுக்கும் கிடைக்கும். சுவர் மூலையில் பேஸ் குமுறும். பால்கனிக்கு அடியில் போனால் சிம்பலும் குரலும் மங்கிவிடும்.

நடுவில் நின்றாலும் டிரம்ஸ் வாசிக்கும் ராபர்ட் ஸ்வீட்டை நன்றாகப் பார்க்கலாம். அவர் டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து வாசிப்பவர். கை மட்டுமல்ல, கால் வேலையும் தெரியும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். முதலில் ஒன்றிரண்டு சிறு குழுக்கள் வாசிக்கும். ஸ்ட்ரைப்பர் மேடையேற இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும், மூட்டு வலி இருந்தால் பால்கனியில் உட்கார இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அடையாளத்துக்கு அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். போனில் உள்ள படத்தைக் காட்டினால் வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். பேரனையும் அழைத்துப் போவதாக இருந்தால் அன்றைய வயது வரம்பைப் பாருங்கள். மது விற்கும் இடம் என்பதால் சில கிளப்களில் 21 வயது ஆகாதவர்களை விடமாட்டார்கள். மெட்ரோ ரயில் வெஸ்ட் ஹாலிவுட்டுக்குள் வராது. பஸ் அல்லது வாடகைக் கார்தான்.

கேள்வி: ஸ்ட்ரைப்பரின் மஞ்சள்-கறுப்புப் பட்டைக்கும் லோகோவில் வரும் ஏசாயா 53:5க்கும் என்ன சம்பந்தம்? தமிழ் வேதாகமத்தில் தேடியும் பிடிபடவில்லை.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: தமிழில் பிடிபடாதுதான். நம் வேதாகமம் "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்கிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸில் அந்தத் தழும்புக்கு 'ஸ்ட்ரைப்ஸ்' என்ற சொல் வருகிறது. சாட்டையடியின் வரியும் அதுதான், துணியில் ஓடும் பட்டையும் அதுதான். குழுவின் பெயரும், உடையிலும் கிட்டாரிலும் ஓடும் பட்டைகளும் அந்த ஒரே சொல்லோடு பொருந்துகின்றன. 1984இல் வந்த முதல் வெளியீட்டின் தலைப்பிலேயே மஞ்சளும் கறுப்பும் இருக்கின்றன. கச்சேரியில் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை மேடையிலிருந்து கூட்டத்துக்குள் வீசுவதும் இவர்களின் பழைய வழக்கம். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். புத்தகம் முகத்தில் படலாம்.

கேள்வி: கச்சேரியில் ஒலியைக் குறைக்கக் காதில் இயர்பிளக் (காதடைப்பான்) வைத்தால் பாட்டு கெட்டுவிடாதா?
- வாசகர், கோவை

பதில்: எந்த இயர்பிளக் என்பதைப் பொறுத்தது. பஞ்சு போன்ற ஃபோம் வகை உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். இசைக்கென்றே விற்கும் வகை எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபெல் வரை குறைக்கும். அதையே வாங்குங்கள். 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பணியிடங்களுக்கு வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ராக் கிளப்பில் 100 சாதாரணம்.

ஃபோம்தான் கிடைத்தது என்றால் விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே செருகி, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே துருத்தி நின்றால் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். முதல் குழு தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். மறுநாளும் காதில் இரைச்சல் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரிடம் போக வேண்டும்.