காணிக்கு எட்டுச் செலவு எப்ப?

கேள்வி: 2007ல திருகோணமலை நிலாவெளியில கடல் பக்கம் இருந்த 40 பேர்ச் காணிய மகன கனடாவுக்கு அனுப்புறதுக்காக அடிமாட்டு விலைக்குக் குடுத்தன். இப்ப அதில ஹோட்டல், பிளேன்டீயே 450 ரூபா. ஞாயிற்றுக்கிழமையில மோட்டச்சைக்கிள்ல போய்ப் பாத்திட்டு வந்தா ராவைக்கு நித்திரை இல்ல. விக்கச் சொல்லி நெருக்கினது மனுசிதான். இதை எப்படி மறக்கிறது? (வாசகர், உப்புவெளி)

பதில்: மறக்கிறது எப்படியெண்டு கேக்கிறீங்க, ஆனா கிழமைக்கொருக்கா பெற்றோல் அடிச்சுப் போய் ஞாபகப்படுத்திட்டு வாறீங்களே அண்ணன்!

2007ஐக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அதுக்கு முதல் வருசம்தான் மாவிலாறு, மூதூர், சம்பூர் எண்டு சண்டை வந்து சனம் உடுத்த உடுப்போட ஓடினது, சுனாமி அடிச்சும் அவ்வளவு காலமாகல்ல, கடற்கரைக் காணியெண்டா வாங்க வாறவனும் யோசிச்ச நேரம், வளந்த பெடியன் வெளிய போனா வந்து சேருமட்டும் தாய்மார் கேற்றடியில நிண்ட காலம். 2009ல சண்டை முடியும், பிறகு வெள்ளைக்காரன் வந்து பீச்சில படுப்பான் எண்டு அண்டைக்கு உங்களுக்கு ஆர் சொன்னது? நடந்து முடிஞ்சதச் சொல்லிட்டு 'இது நடக்க எவ்வளவு சான்ஸ் இருந்தது' எண்டு கேட்டா சனம் கூட்டித்தான் சொல்லும், 1975லயே பிஷொஃப் எண்ட உளவியல் ஆராய்ச்சிக்காரர் இதைச் சோதிச்சுக் காட்டிட்டார். உங்களுக்கும் அந்த வருத்தம்தான். அந்தக் காணி எங்கயும் போகல்ல, கனடால ஸ்னோ தள்ளிக்கொண்டிருக்கு.

எனக்குக் குத்தினது மனுசியப் பற்றி எழுதின வரி. காணி உறுதியில கையெழுத்து வச்சது ஆர்? இவ்வளவு காலமா சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்து எத்தினை தரம் இதை அவவுக்குச் சொல்லிக் காட்டியிருப்பீங்க? கவலைப்படுறதெண்டா அதுக்குப் படுங்க, காணிய இனி ஒண்டும் செய்யேலாது, இதையெண்டா திருத்தலாம்.

செத்த ஆளுக்கே கன்னியாவில 31ஆம் நாள் அந்தியேட்டி முடிச்சு, ஏழு கிணத்துச் சுடுதண்ணியையும் தலையில ஊத்திட்டு வீட்ட வாற ஊர் இது. உங்கட காணிக்கு மட்டும் இன்னும் எட்டாம் நாள் செய்யிற எட்டுச் செலவே முடியல்ல.

வாற ஞாயிறு நிலாவெளிப் பக்கம் திருப்பாம, மனுசிய ஏத்திக்கொண்டு கன்னியாவுக்கு விடுங்க. மன்னிப்பெல்லாம் வாயில வராது, தெரியும். 'பெடியன அனுப்பினது நல்லதுதான் என்ன' எண்டு மட்டும் சொல்லுங்க, அவவுக்கு விளங்கும்.

மற்றது, பிளேன்டீ 450 எண்டு தெரிஞ்சிருக்கே. உள்ள போய்க் குடிச்சிருக்கிறீங்க, என்ன?