வாசகர் கேள்வி: ஒரு அங்குலம் தடுத்தால் பாதையே இல்லை

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாக நடைபாதை போட்டு, ஏறி இறங்க சாய்தளமும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அம்மாவை வீல்சேரில் கூட்டிப் போகும்போது நடுரோட்டில்தான் தள்ள வேண்டியிருக்கிறது. எங்கே தப்பு?
— ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: அந்தச் சாய்தளம் ரோட்டைத் தொடுகிற இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அநேகமாக அங்கே ஒரு அங்குலம் தூக்கலாக நிற்கும். நடக்கிறவர் காலுக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் வீல்சேரின் சின்ன முன்சக்கரம் அதில் முட்டியதும் வண்டி சட்டென்று நின்று, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்துவிடுவார். என் பெரியம்மாவுக்கு இப்படி ஆகியிருக்கிறது. இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்பா, ரோட்டிலேயே போயிடலாம்" என்றார். அன்றிலிருந்து வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் ஏறும்படி பின்பக்கமாக இழுப்பேன். நீங்களும் இப்போதைக்கு அப்படிச் செய்யலாம், ஆனால் தனியாக வண்டி ஓட்டி வருகிறவர் யாரைக் கூப்பிடுவார்?

அடுத்து சரிவைப் பாருங்கள். நம் நாட்டில் சாலை போட விதிமுறை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ், நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, சரிவு 12-க்கு 1 என்று இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று அதையே 60 சென்டிமீட்டரில் முடித்தால் அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். நடக்கும் அகலமும் எந்தத் தடையும் இல்லாமல் 1.8 மீட்டர் இருக்க வேண்டும், அப்போதுதான் எதிரும் புதிருமாக இரண்டு வீல்சேர் போக முடியும். அளக்கும்போது மின்சாரப் பெட்டியோ கம்பமோ நிற்கிற, இருப்பதிலேயே குறுகலான இடத்தில் அளவுநாடாவை வையுங்கள், மற்ற இடத்தில் எவ்வளவு அகலம் இருந்தும் பிரயோசனமில்லை.

அப்புறம் மனு. 'நடைபாதை சரியில்லை' என்று பொதுவாக எழுதினால் அது எங்கேயும் போய்ச் சேராது. கடை வாசலைக் குறிப்பிட்டு, அளவுநாடாவோடு படம் எடுத்து, இந்த விளிம்பைச் சமப்படுத்துங்கள் என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உங்கள் பக்கம் இருக்கிறது. நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும், அதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் மனுவில் எழுதுங்கள்.

கேள்வி: பைக் ஏறாமல் இருக்க நடைபாதையில் இரும்புத் தூண்கள் நட்டார்கள். என் மூன்று சக்கர சைக்கிளும் இப்போது நுழையவில்லை.
— ஒரு வாசகர், கோவை

பதில்: வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தத் தூண்களை வைக்கச் சொல்லிக் கேட்பவர்களில் நானும் ஒருவன். வீல்சேர் சிரமமில்லாமல் நுழைய 90 சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும், உங்கள் வண்டிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அவ்வளவு இடம் விட்டால் பைக்கும் நுழையும், அதுதான் உண்மை. பைக்கைத் தடுக்க வேண்டியது அபராதம். தூணைக் கொண்டு தடுத்தால் முதலில் மாட்டுவது நீங்கள்தான். குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. பாதி ரோடு கடப்பதற்குள் சிக்னல் மாறிவிடுகிறது. நடைமேம்பாலம் கட்டினால் சரியாகிவிடுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆகாது ஐயா. கீழே லாரி போக ஐந்தரை மீட்டர் விட்டுக் கட்டுவார்கள், அப்படியென்றால் ஏற 35 படிக்கு மேல், இறங்க அதே அளவு. லிஃப்ட் வைத்தாலும் அது ஓடுகிற நாளில்தான் உதவி.

கணக்கு இதுதான். நான்கு வழிச் சாலை சுமார் 14 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 12 நொடி போதும், நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 17, 18 நொடி ஆகும். அந்த ஐந்தாறு நொடியைக் கூட்டித் தருவதற்கு சிமென்ட் மூட்டை எதுவும் தேவையில்லை, சிக்னல் பெட்டியில் நேரத்தை மாற்றினால் போதும், போக்குவரத்துக் காவல் துறையிடம் கேளுங்கள். ரோட்டின் நடுவில் நின்று மூச்சு வாங்க இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு திட்டு இருந்தால் இன்னும் நல்லது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவரும் அதில் அடங்குவார். சிக்னல் இல்லாத இடமாக இருந்தால் கடக்கும் பாதையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் இறங்கி ஏற வேண்டாம், கார்தான் வேகம் குறைத்து ஏறி இறங்கும்.

கேள்வி: நடைபாதையில் பதிக்கும் மஞ்சள் கல்லில் கோடும் புள்ளியும் எதற்கு?
— எட்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: பார்வையற்றவர்கள் கைத்தடியாலும் பாதத்தாலும் படிக்கிற எழுத்து அது. கோடு என்றால் நேராகப் போகலாம், புள்ளி என்றால் நில், முன்னால் ரோடோ படியோ இருக்கிறது. ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர், பார்வை மங்கிக்கொண்டிருந்த நண்பருக்காக 1965-ல் இந்தக் கல்லை உருவாக்கினார், 1967-ல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். உங்கள் ஊரில் அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்று ஒருநாள் நடந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலோ மரத்திலோ போய் முட்டினால் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.